ஏஞ்சல் பாட்டும் அன்புராஜ் குரலும்

சட்டைப் பையில் போனைத் தலைகீழாகச் செருகி, மைக் மேலே வந்திருக்கிறதா என்று தடவிப் பார்த்துக்கொண்டே, பக்கத்தில் நிற்பவரிடம் சிப்ஸ் பாக்கெட்டை மடித்து வைக்கச் சொல்கிறார் அன்புராஜ். “கச்சேரி முடிஞ்சி துன்னு நைனா. ரெகார்டுல மொறுக் மொறுக்குன்னு கேக்கும்.” அவர் முறைக்கிறார். அன்புராஜ் அதைக் கவனிப்பதில்லை. யாருக்காவது இருமல் வரும்போல் இருக்கிறதா என்று கூட்டத்தை நோட்டம் விடுகிறார். எனக்கு எப்போதும் இருமல் உண்டு. என்னை நாலு ஆள் தள்ளித்தான் நிறுத்துவார்.

மேடையில் ஏஞ்சல். எண்ணூர்க்காரர், பங்க் பாடகி. பங்க் என்றால், முறையாக கிட்டார் கற்றவர்கள் எழுந்து போய்விடுகிற இசை என்று வைத்துக்கொள்ளுங்கள். ஏகப்பட்ட வேகம், ஏகப்பட்ட கோபம், மெட்டு கொஞ்சம்தான். ஏஞ்சல் இதுவரை ஒரு பாட்டைக்கூடப் பதிவுசெய்து வெளியிட்டதில்லை. அவரைக் கேட்க வேண்டுமானால் ஒன்று கச்சேரிக்குப் போக வேண்டும், அல்லது அன்புராஜைப் பிடிக்க வேண்டும்.

அன்புராஜ் கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் தகடு அடிக்கும் பிரஸ் ஓட்டுகிறார். வாரமெல்லாம் இரும்புச் சத்தத்தில் இருந்துவிட்டு, லீவு நாளில் ரயிலேறிப் போய் இன்னொரு சத்தத்தைப் பிடித்துக்கொண்டு வரும் புருஷனைப் பற்றி அவர் மனைவி சுமலதாவுக்குத் தெளிவான அபிப்பிராயம் உண்டு. அதை அன்புராஜே எல்லோரிடமும் பெருமையாகச் சொல்வார்: “கம்பெனியிலயே ரெகார்டு பண்ணிக்கினு வந்தா ட்ரெயின் சார்ஜாவது மிச்சமாம். ஊட்டுல சொல்றாங்க. கரெக்டுதானே?”

பதிவுகளை எங்கள் வாட்ஸாப் குழுவில் போடுவார். உலகளாவிய ரசிகர் குழு என்று பெயர், ஆள் ஏழெட்டுப் பேர். அதில் ஒருவர் கேஸ் ஏஜென்சி குழு என்று நினைத்துச் சேர்ந்தவர்; சிலிண்டர் எப்போது வரும் என்று இன்னமும் கேட்கிறார். சட்டதிட்டங்கள் மட்டும் கறார். விற்கக் கூடாது, வெட்டக் கூடாது, கேட்டவருக்கு இல்லையென்று சொல்லக் கூடாது. வந்ததையெல்லாம் நானும் இறக்கி வைத்திருக்கிறேன். ஒன்றைக்கூட முழுதாகக் கேட்டதில்லை. ‘செம’ என்று மட்டும் உடனே பதில் போட்டுவிடுவேன்.

கேட்காததற்குக் காரணம் அன்புராஜ்தான். ஏஞ்சல் ஒரு வரி பாடினால் கூட்டம் அதைத் திருப்பிக் கத்த வேண்டும் என்பது அவர் கச்சேரி வழக்கம். அதுவரை ஊர் வாயையெல்லாம் அடைத்த மனிதர், அந்த இடம் வந்ததும் தன்னை மறந்துவிடுவார். போன் இருப்பதோ அவர் நெஞ்சுக்கு மேல். ஒருமுறை ஏஞ்சலே பாட்டை நிறுத்தி, எருமை மாதிரி கத்துவது யார் என்று மேடையிலிருந்து கேட்டார். அன்புராஜ் நின்ற இடத்திலேயே உட்கார்ந்துவிட்டார். அந்தப் பதிவையும் வெட்டாமல்தான் குழுவில் போட்டார்.

போன மாதம் அந்த ஏஞ்சலே அவருக்கு போன் செய்தார். முதல் ஆல்பம் போடப் போகிறாராம். அம்மா இறந்த வாரத்தில் பொன்னேரி மண்டபம் ஒன்றில், மேடையிலேயே கட்டி, அம்மாவைப் பற்றி ஒரு பாட்டுப் பாடியிருக்கிறார். ஒரே ஒரு தடவைதான். அன்றைக்கு இருந்த நிலையில் என்ன பாடினோம் என்று ஒரு வரிகூட இப்போது நினைவில் இல்லை. உங்களிடம் கட்டாயம் இருக்கும் என்றார்கள் அண்ணா, அனுப்ப முடியுமா என்று கேட்டாராம்.

இருந்தது. ஆனால் அம்மா பாட்டின் மேல் தன் எருமைக் குரலோடு அனுப்ப அன்புராஜுக்கு மனம் வரவில்லை. வாழ்க்கையில் முதல் முறையாகச் சட்டத்தை மீறி, இரைச்சல் நீக்கும் செயலி ஒன்றில் பதிவைப் போட்டார். செயலி கிட்டாரை இரைச்சல் என்று நீக்கியது. டிரம்ஸை நீக்கியது. ஏஞ்சலையும் நீக்கியது. மிச்சமிருந்தது அன்புராஜ் மட்டும், பளிங்கு மாதிரி.

சிப்காட் டீக்கடையில் இதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார். பிறகு இயர்போனை ஆளுக்கொரு காதில் மாட்டிக்கொண்டு பழைய பதிவைக் கேட்டோம். கிட்டார் சத்தத்தில் ஏஞ்சல் பாடிய ஒரு சொல்லும் பிடிபடவில்லை. சொற்கள் அத்தனையும் அன்புராஜ் திருப்பிக் கத்தியதில்தான் இருந்தன. அவருக்குச் சிரிப்பு நின்றுவிட்டது.

பேசாமல் இல்லையென்று சொல்லிவிடுங்கள் என்றேன். என் யோசனைகள் எப்போதும் இந்தத் தரத்தில்தான் இருக்கும்.

“அவங்க அம்மா பாட்டு நைனா. நான் என் மானத்தப் பாத்துக்கினு இருந்தா, அவங்க வேற எங்க போயி கேப்பாங்க?”

பழைய பதிவு, செயலி மிச்சம் வைத்தது, இரண்டையும் அனுப்பினார். கூடவே ‘எருமை நான்தான், மன்னிக்கவும்’ என்று ஒரு வரி.

இரண்டாவது டீ வருவதற்குள் ஏஞ்சலிடமிருந்து குரல் செய்தி வந்தது. அன்புராஜ் அதைத் தொடவில்லை. கால்சட்டைப் பையிலிருந்து பிரஸ் ஷாப்பில் கொடுக்கும் இயர் பிளக் இரண்டையும் எடுத்து, காதுகளில் இறுக்கி அடைத்துக்கொண்டு, போனை என்னிடம் நீட்டினார்.

ஏஞ்சல் பேசவே இல்லை. அந்தப் பாட்டைப் பாடிக்கொண்டிருந்தார். கிட்டார் இல்லாமல், மெதுவாக, அன்புராஜ் கத்திய அதே சொற்களில். ஓரிடத்தில் குரல் உடைந்து நின்றது, மறுபடி தொடங்கியது. எனக்குக் கண் கலங்கிவிட்டது.

“திட்றாங்களா?” என்றார் அன்புராஜ். காது அடைத்திருந்ததால் கடை முழுக்கத் திரும்பிப் பார்க்கும்படி கேட்டுவிட்டார்.

இல்லை என்று தலையசைத்தேன். அவர் என் கண்ணைப் பார்த்தார். பிறகு ஒரு பக்கத்து அடைப்பை மட்டும் பாதி இழுத்து, அதை விரலால் பிடித்தபடியே, போனுக்குப் பக்கத்தில் குனிந்தார்.