ஒரு நெருப்புப்பெட்டி தாங்கோ

பலசரக்குக் கடை என்பது ஊரே வந்து போகிற, ஆனால் சாமான் மட்டும் விற்காத ஓர் இடம். சொந்தக் கடை வைத்திருக்கிற உங்களுக்கு இதை நான் விளக்கத் தேவையில்லை. நீங்களும் என்னைப்போலத்தான் காலையில் கடையைத் திறந்து, சாம்பிராணி காட்டி, முதல் வியாபாரத்துக்காக வீதியைப் பார்த்துக்கொண்டு இருப்பீர்கள். முதல் ஆள் வருவார். வந்து, "பஸ் போட்டுதோ, இனித்தான் வருமோ?" என்று கேட்பார்.

உடுப்பிட்டியிலிருந்து பருத்தித்துறைக்குப் போகிற வழியில், ஒரு வளைவில் இருக்கிறது எங்கள் கடை. அப்பா தொடங்கியது. இப்போது நானும் என் மனைவி தவமணியும் பார்க்கிறோம். வளைவு தாண்டி, கூப்பிட்டால் கேட்கிற தூரத்தில், கண்ணாடிக் கதவு போட்டு ஒரு பெரிய சுப்பர்மாக்கற் வந்தது. ஊர்ச்சனம் அதற்கு வைத்த பெயர் ஏசிக்கடை. அது வந்தபிறகு எங்கள் கடையில் ஈ ஓட்டலாம் என்றால் ஈயும் இல்லை. அதுவும் குளிருக்கு அங்கே போய்விட்டது என்று நினைக்கிறேன்.

இந்த நிலைமையில்தான் ஒரு வங்கி, காசு எடுக்கும் மெஷின் வைப்பதற்கு எங்கள் கடையை வாடகைக்குக் கேட்டது. பாதி இடம் போதும் என்றார்கள். அரைக் கடையை வைத்துக்கொண்டு என்ன செய்வது, முழுவதையும் கொடுத்துவிட்டு நிம்மதியாக வீட்டில் இருக்கலாம் என்பது என் கட்சி. ஒரு சாண் இடமும் கொடுக்கக்கூடாது என்பது தவமணியின் கட்சி. பொங்கலுக்கு முன் பதில் சொல்லவேண்டும். இந்தப் பேச்சை எடுத்தாலே என் அப்பாவை நினைத்து அவள் கேட்கிறது ஒன்றுதான்: "மாமா இருந்த இடத்திலை மிசினை இருத்தப்போறியளோ?"

செல்வமக்காவின் தும்புத்தடி

ஊர் வீடுகள் எல்லாம் எங்கள் கடைக்கு இந்தப் பக்கம். ஏசிக்கடையில் என்ன வாங்கினாலும் எங்கள் வாசலைத் தாண்டித்தான் வீட்டுக்குப் போகவேண்டும். இதை அந்தக் கடையைக் கட்டினவர்கள் யோசிக்கவில்லை. ஊர்ச்சனமும் யோசிக்கவில்லை. முதலில் மாட்டுப்பட்டவர் செல்வமக்கா.

எங்கள் கடையில் மிளகாய்த்தூளும் சீனியும் வாங்கியே இரண்டு பிள்ளைகளை வளர்த்துக் கலியாணம் செய்து வைத்தவர் அவர். ஒருநாள் பின்னேரம் சைக்கிள் கைபிடியில் ஏசிக்கடைப் பை தொங்க, பைக்குள்ளிருந்து வீடு கூட்டுகிற ஒரு தும்புத்தடி வானத்தைப் பார்த்தபடி நிற்க, வளைவில் வந்து திரும்பினார். நான் வாசலில் நின்றேன். கண்ணும் கண்ணும் சந்தித்துவிட்டன. இனி நிற்காமல் போக வழியில்லை. மெல்ல இறங்கி, பை இருக்கிற பக்கம் வீதியைப் பார்க்கும்படி சைக்கிளைத் திருப்பி நிறுத்தினார். பை மறைந்தது. தும்புத்தடி மறையவில்லை.

கடைக்குள் வந்தவர் தலைக்கு மேலே நான் விற்பதற்குக் கட்டித் தொங்கவிட்ட தும்புத்தடிகள் ஆடிக்கொண்டிருந்தன. அவர் மேலே பார்க்கவில்லை. நான் வெளியே பார்க்கவில்லை. கொஞ்ச நேரம் மழையைப் பற்றிக் கதைத்தோம். பிறகு ஒரு நெருப்புப்பெட்டி கேட்டார். கொடுத்தேன். அதை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டு செல்வமக்கா சொன்னார்: "உங்கடை கடை இல்லாட்டி இந்த ஊர்ச்சனம் என்ன செய்யும் தம்பி!"

ஊர் கொளுத்துவது என்ன?

அன்றைக்குத் தொடங்கியது. ஏசிக்கடையிலிருந்து திரும்புகிற ஒவ்வொருவரும் எங்கள் வாசலில் நின்று ஒரு நெருப்புப்பெட்டி வாங்கினார்கள். பையை மதிலோடு சாத்திவிட்டு வருவார்கள். சிலர் பையை ஓட்டோவுக்குள் விட்டுவிட்டு வருவார்கள். ஒருவர் அரிசிப் பையைத் தோளில் இருந்து இறக்காமலே வந்து, அது தன்னுடையதே இல்லை என்பதுபோல நின்று கேட்டார். காஸ் அடுப்பும் கரண்ட் அடுப்பும் உள்ள வீட்டுக்காரர்கூட வாங்கினார். பாவம் தீர்க்கிறதற்குக் கோயிலில் கற்பூரம் கொளுத்துவார்கள். இங்கே நெருப்புப்பெட்டியோடு விட்டுவிட்டார்கள்.

கடைக்கு வான் வண்டியில் சாமான் கொண்டுவருகிறவர் நல்ல மனிதர். நாங்கள் எடுக்கிற சாமான் மாதாமாதம் சுருங்குவதைப் பார்த்துக் கவலைப்படுகிறவர். பருப்பு குறைவு, சவுக்காரம் குறைவு, பிஸ்கட் வேண்டாம் என்று சொல்லிவிட்டு, நெருப்புப்பெட்டி மட்டும் பெரிய பெட்டியாக இன்னும் இரண்டு போடச் சொன்னேன். அவர் எழுதுவதை நிறுத்தி, வெளியே ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்திக் கேட்டார்: "குறை நினையாதேங்கோ அண்ணை, உங்கடை சனம் உப்பிடி என்னத்தைக் கொளுத்துது?"

மாஸ்டரின் டோர்ச் லைட்

ஏசிக்கடை போதாதென்று போனில் சாமான் எடுக்கிற பழக்கமும் வந்துவிட்டது. பார்சல் கொண்டுவருகிறவர்களுக்கு எங்கள் ஒழுங்கைகளும் சந்துகளும் பிடிபடாது. எல்லாவற்றையும் கொண்டுவந்து என் மேசையில் வைத்துவிட்டுப் போய்விடுவார்கள். என் வியாபாரத்தைக் கெடுக்கிற சாமானுக்கு நானே காவல்.

மாஸ்டர் எனக்குக் கணக்குப் படிப்பித்தவர், இப்போது ஓய்வில் இருக்கிறார். அவருக்கு வந்த பார்சலை என் மேசையிலேயே வைத்துப் பிரித்தார். உள்ளே ஒரு டோர்ச் லைட். அதே மாதிரி டோர்ச் லைட் என் முதுகுக்குப் பின்னால் வரிசையாகத் தொங்குகிறது. மாஸ்டர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு அவற்றை ஒருமுறை பார்த்தார். "உதுகளும் நல்லதுதான்," என்றார் பெரிய மனதோடு. பற்றரி போட்டுப் பார்க்கவேண்டும் என்றார். என் பற்றரியைப் போட்டோம். எரியவில்லை. வேறு பற்றரி போட்டோம். தட்டினோம், குலுக்கினோம், வெயிலில் வைத்துப் பார்த்தோம். அது எரிகிற எண்ணத்தோடு வந்த சாமான் இல்லை.

"போனிலை சொல்லித் திருப்பி அனுப்புங்கோ மாஸ்டர்," என்றேன். வகுப்பில் பிழையான விடை சொன்னால் எப்படிப் பார்ப்பாரோ அப்படியே பார்த்தார். பிறகு சொன்னார்: "போனை நான் எங்கை தேடுறது? உம்மடை கடையிலை எடுத்த சாமான், நீர்தான் மாத்தித் தரவேணும்."

விளக்கு வைத்த பின்

தவமணி விளக்கு வைத்துவிட்டால் பிறகு எங்கள் கடையில் உப்பு விற்கிறதில்லை. ஊசியும் இல்லை. என் அம்மா காலத்துச் சட்டம். நானும் சொல்லிப் பார்த்தேன், கேட்டு வருகிற சனம் வேறு கடைக்குப் போய்விடும், காலம் மாறிவிட்டது என்று. சீதேவி வீட்டை விட்டுப் போனால் அதற்கு நீங்கள் பொறுப்போ என்று கேட்டாள். நான் எதற்குத்தான் பொறுப்பு எடுத்திருக்கிறேன்?

ஒருநாள் இருட்டுகிற நேரம் செல்வமக்கா ஓட்டமும் நடையுமாக வந்தார். அடுப்பில் மீன்குழம்பு, வீட்டில் உப்பு முடிந்துவிட்டது. தவமணி மாடத்து விளக்கைக் காட்டினாள். கெஞ்சியும் பலன் இல்லை. "அப்ப நான் அங்கையே போறன்," என்று முதல்முறையாக என் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டு ஏசிக்கடைக்கு நடந்தார். போச்சு, மீதியிருந்த ஒரு வாடிக்கையும் போச்சு என்று நான் தலையில் கை வைத்தேன்.

கொஞ்ச நேரத்தில் திரும்பி வந்தார், வெறுங்கையோடு. அங்கே காசு வாங்குகிற இடத்தில் நின்றது எங்கள் ஒழுங்கையில் வளர்ந்த பெண். உப்புப் பைக்கற்றைக் கையால் தொடாமல் ஒரு பக்கம் தள்ளி வைத்துவிட்டு, "விளக்கு வைச்சாச்சு மாமி, நாளைக்கு வாங்கோ," என்றாளாம். தவமணிக்கு அன்றைக்கு வந்த சந்தோஷத்தை அதற்கு முன் நான் கண்டதில்லை. செல்வமக்காவைக் கூப்பிட்டு இருத்தித் தேத்தண்ணி கொடுத்தாள். மீன்குழம்பின் கதியை நான் கேட்கவில்லை. தேத்தண்ணியை ஊதிக்கொண்டு அவர் சொன்னார்: "கண்ணாடிக் கதவு போட்டு என்ன, உள்ளுக்கை நிக்கிறது எங்கடை பெட்டையள்தானே!"

ஊர் திரண்டு வந்தது

வங்கியிலிருந்து ஒருவர் வந்து நாடா பிடித்துக் கடையை அளந்துவிட்டுப் போனார். அவருடைய மோட்டார் சைக்கிள் வளைவைத் தாண்டவில்லை, அதற்குள் நாங்கள் கடையைப் பூட்டப்போகிறோம் என்று ஊர் முழுக்கத் தெரிந்துவிட்டது. பின்னேரம் ஒரு கூட்டம் வந்தது. இவ்வளவு பேரை எங்கள் கடை வருஷப்பிறப்புக்கு முந்தினநாள்கூடக் கண்டதில்லை. நான் மனம் இளகிப்போனேன், மறைக்கவில்லை.

ஆளாளுக்குக் கேட்டார்கள். வீட்டைப் பூட்டித் திறப்பை இனி யாரிடம் கொடுத்துவிட்டுப் போகிறது? மழைக்குள் பஸ்ஸுக்கு எங்கே நிற்கிறது? ஆஸ்பத்திரிக்குப் போனவருக்கு எப்படி இருக்கிறது என்று யாரிடம் விசாரிக்கிறது? நான் துணிந்து கேட்டேன்: "சரி, பூட்டாமல் விடுறன். சாமானை இஞ்சை வாங்குவியளோ?" ஒருவர் முகட்டைப் பார்த்தார். இன்னொருவர் பஸ் வருகிறதா என்று வீதியைப் பார்த்தார்.

கடைசியில் மாஸ்டர் முன்னுக்கு வந்தார். எங்கள் கடையின் பக்கச் சுவரைத் தடவிப் பார்த்தார். ஊரில் யார் கண்ணை மூடினாலும் அஞ்சலி நோட்டீஸ் ஒட்டுகிற சுவர் அது. கையை எடுக்காமலே சொன்னார்: "எனக்கும் வயசு போட்டுது. நீர் கடையைப் பூட்டினால் என்ரை நோட்டீஸை எங்கை ஒட்டுறது?"

தவமணி கோயிலுக்குப் போனது

அன்றிரவு கணக்குப் புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு இருந்தேன். பூட்டினால் இவர்களுடைய முகத்தில் எப்படி விழிப்பது, பூட்டாவிட்டால் எதைத் தின்பது? மறுநாள் காலை, பதில் கேட்டு வங்கிக்காரர் வருகிற நாள். தவமணி கோயிலுக்குப் போய்க் கும்பிட்டுவிட்டு வருகிறேன் என்று போனாள். நேரம் போய்க்கொண்டே இருந்தது. எந்தச் சாமிக்கு இவ்வளவு முறைப்பாடு என்று நான் வாசலுக்கு வந்தேன்.

வளைவில் தவமணி வந்துகொண்டிருந்தாள், கோயில் இல்லாத பக்கத்திலிருந்து. நெற்றியில் திருநீறு இருந்தது. வலது கை வீசி நடந்தது. இடது கை சீலைத் தலைப்புக்குள் ஒளிந்திருந்தது. தலைப்புக்குக் கீழே ஏசிக்கடைப் பையின் அரைவாசி எழுத்துத் தெரிந்தது. அந்தக் கடை வாசற்படி மிதிப்பதில்லை என்று ஊரறியச் சொன்ன மனுஷி. என்னைக் கண்டதும் ஒருகணம் நின்றாள். வழக்கம்போல மேசைப் பலகையைத் தூக்கிக்கொண்டு உள்ளே வரவில்லை. சனம் வந்து நிற்கிற இடத்தில் வந்து நின்றாள். சுவரைப் பார்த்துக்கொண்டு, "ஒரு நெருப்புப்பெட்டி தாங்கோ," என்றாள்.

நானும் மரியாதையாக எடுத்துக் கொடுத்தேன். அதை வாங்கின பிறகுதான் அவளுக்குச் சிரிப்பு வந்தது. எனக்கும் வந்தது. கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தோம். அவர்களிடம் அப்படி என்னதான் இருக்கிறது என்று ஒருமுறை பார்த்துவிட்டு வரத்தான் போனாளாம். குளிராக இருந்ததாம். ஒன்றும் வாங்காமல் வெளியே வர வெட்கமாக இருந்து ஒரு பைக்கற் சேமியா எடுத்தாளாம், எங்கள் கடைத் தட்டிலும் இருக்கிற அதே சேமியா. பிறகு நெருப்புப்பெட்டியை உள்ளங்கையில் வைத்து உருட்டியபடி சொன்னாள்: "உந்த வளைவிலை திரும்பேக்கை நெஞ்சு பக்கெண்டுது. இதை வாங்கினாப்பிறகுதான் மூச்சு வந்தது. ஒருத்தரும் எங்களைத் தாண்டிப் போகேலாதப்பா, மிசினுக்குப் பாதியைக் குடுங்கோ, மற்றப் பாதியிலை நாங்கள் இருப்பம்."

இப்போது எல்லாரும் எங்கள் வாசலில் காசு எடுத்துக்கொண்டு ஏசிக்கடைக்குப் போய், திரும்பும்போது ஒரு நெருப்புப்பெட்டி வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போகிறார்கள். ஊராரின் வெட்கத்தை முதலாகப் போட்டு நடக்கிற கடை, எனக்குத் தெரிந்தவரை, இது ஒன்றுதான்.