முனியாண்டிக்கு விட்ட சேவல்

பண்ணைப்புரம் வேல்விழிக்குக் கோழி என்றால் கிளிமூக்கு விசிறிவால்தான். அலகு கிளிக்கு இருப்பதுபோல வளைந்திருக்க வேண்டும், வால் விசிறியாக நீள வேண்டும். அப்படி வராத குஞ்சுகளைக் கழித்துக் கழித்து ஒரு வம்சத்தை உருவாக்கிக்கொண்டிருந்தாள்.

அதைக் கெடுக்கவென்றே எதிர்வீட்டு சங்கிலியம்மாள் ஒரு சாதாரணச் சேவலை முனியாண்டிக்கு நேர்ந்து விட்டாள். சாமிக்கு விட்டதைக் கட்டவோ விரட்டவோ கூடாது. அது வேலியைத் தாண்டி வந்து பெட்டைகளோடு சேர்ந்துவிட்டுப் போகும். பொரித்த குஞ்சுகளுக்கெல்லாம் நேர்மூக்கு.

"சாமிக்கு விட்டது சாமிகிட்ட இருக்கணும். என் பெட்டைககிட்ட அதுக்கு என்ன சோலி?" என்று வேல்விழி புலம்பாத நாளில்லை.

கடைசியில், வயதாகிப்போன தன் கிளிமூக்குச் சேவலோடு பெட்டைகளைக் கூண்டில் விட்டு, மேலேயும் வலை போட்டு அடைத்தாள். அந்தக் கிழச்சேவல் சாவதற்குள் ஒரே ஒரு சேவல் குஞ்சு தேறியது. வளர வளர அலகு வளைந்தது, வால் நீண்டது.

கணவன் சின்னக்கருப்பு தலையைச் சொறிந்தான். "மூக்கு வளைஞ்சு ஒண்ணு வந்தா ஒனக்கே விடுறேன்னு முனியாண்டிகிட்ட நேர்ந்திருந்தேன்."

"வலை போட்டது நானு. முனியாண்டியா வந்து போட்டாக?"

நேர்ந்ததை மாற்ற முடியாது. சேவலைத் தெருவில் விட்டார்கள். அதுவாக வந்து பெட்டைகளோடு சேரட்டும் என்று வேல்விழி வலையைப் பிரித்து வைத்தாள்.

கிளிமூக்கு சங்கிலியம்மாளின் பெட்டைகளோடு மேய்ந்துகொண்டிருந்தது. கூண்டுக்குள் முதலில் நுழைந்தது பழைய நேர்மூக்குச் சேவல்தான்.