பென்சிலில் எழுதிய பாடத்திட்டம்

என் வீட்டுக்காரர் இறந்து எட்டு மாதமாகியும் எனக்கு அழுகை வரவில்லை. அங்கிருந்துதான் இதைச் சொல்ல வேண்டும். வெள்ளிக்கிழமை தோறும் என்னோடு நின்று கும்பிடுகிற உங்களுக்கு, நான் பட்டம் வாங்கிய கதை தெரியும். அதற்கு முன்னால் நடந்தது தெரியாது.

1983-இல், தைப்பூசம் முடிந்த மூன்றாம் நாள். அவர் எங்கள் ரப்பர் தோட்டத்து லாரி ஓட்டுநர். ரப்பர் பால் நிறுக்கும் கொட்டகை வாசலில் வண்டியை நிறுத்தி இறங்கியவர், அப்படியே சரிந்துவிட்டார். தாப்பா ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே எல்லாம் முடிந்துவிட்டது. எல்லோரும் அழுதார்கள். நான் வந்தவர்களுக்குக் காப்பி கலக்கினேன். "கல்லு மாதிரி நிக்கிறா பாரு" என்று யாரோ சொன்னது காதில் விழுந்தது. கோபம்கூட வரவில்லை.

நான் அந்தத் தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் ஆசிரியை. வேலை பார்த்துக்கொண்டே பட்டப்படிப்பும் படித்துக்கொண்டிருந்தேன். எங்களைப் போல வேலையில் இருக்கும் பெரியவர்களுக்கென்று ஒரு பல்கலைக்கழகம் நடத்திய படிப்பு அது. பாடங்கள் தபாலில் வரும். சனிக்கிழமைகளில் ஈப்போவில் ஒரு பள்ளிக்கூடத்து அறையில் வகுப்பு. ஒவ்வொருவருக்கும் தனித்தனிப் பாடத்திட்டம். சேரும்போதே ஆலோசகரோடு உட்கார்ந்து, எந்த ஆண்டில் எதைப் படிப்பது என்று எழுதி இருவரும் கையெழுத்துப் போடுவோம். அதில் கடைசி ஆண்டு மூன்று மாதம் பினாங்குக்குப் போய்த் தங்கிப் படிப்பதாக நான் எழுதியிருந்தேன். அப்போது மகளைப் பார்த்துக்கொள்ள அவர் இருந்தார்.

இப்போது என்ன செய்வது என்று பல்கலைக்கழகத்துக்கு எழுதிக் கேட்டேன். கையெழுத்திட்ட திட்டத்தை மாற்ற முடியாது என்று இரண்டு வரியில் பதில் வந்தது. சித்தியவானில் இருந்த என் நாத்தனார், "புள்ளைய எங்கிட்ட விடு அண்ணி, நான் பாத்துக்கிறேன்" என்றார். மகள் செல்விக்குப் பதினான்கு வயது. அவள் என்னை ஒரே ஒரு முறைதான் கேட்டாள்.

"அப்பாவும் போயிட்டாரு. நீயும் போறியாம்மா?"

அன்றே விலகல் கடிதம் எழுதிக் கைப்பையில் வைத்தேன். நான்கு ஆண்டுப் படிப்பு. அதைத் தூக்கிப் போடுகிறோமே என்ற வருத்தமும் இல்லை. சோறு வடிப்பது போல எழுதி முடித்தேன்.

மறுநாள் வெள்ளிக்கிழமை. மாரியம்மன் கோயிலுக்குப் போனேன். பழக்கம் என்னை இழுத்துப் போனது என்றுதான் சொல்ல வேண்டும். எட்டு மாதமாக அவள் முன்னால் நின்று ஒரே வார்த்தையைத்தான் சொல்லிவந்தேன்: "நல்லா இருக்கோம் தாயே." அது எங்கிருந்து வந்த பழக்கம் என்று உங்களுக்கே தெரியும். தோட்ட நிர்வாகியான பெரிய துரை சுற்றிப் பார்க்க வந்தால் லயத்து வீட்டு வாசலில் வரிசையாக நிற்போம். "எல்லாம் நல்லா இருக்கா?" என்று அவர் கேட்பார். "நல்லா இருக்கு துரை" என்போம். ஒரு தடவை என் அப்பா மட்டும் கூரை ஒழுகுவதைச் சொல்லிவிட்டார். மறுநாளே அவருக்குத் தண்டனையாக, பால் வெட்ட மலையுச்சியில் நிரை கொடுத்தார்கள். அதன்பிறகு எங்கள் வீட்டில் யாருமே யாரிடமும் குறை சொன்னதில்லை.

அன்றைக்கு மட்டும் வாய் மாறிவிட்டது.

"நான் நல்லா இல்ல தாயே. எனக்கு ஒண்ணுமே தோணல. அழுகையாவது குடு."

ஒன்றும் நடக்கவில்லை. திருநீறு பூசிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.

சனிக்கிழமை ஈப்போவுக்குப் பேருந்து ஏறினேன். கம்பார், கோப்பேங், சிம்பாங் பூலாய், எதையும் நான் பார்க்கவில்லை. கடிதத்தைக் கொடுத்துவிட்டு அடுத்த பேருந்தில் திரும்புவதுதான் எண்ணம். வகுப்பில் நுழைந்தால் ஆளுக்கொரு படிவம் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். படிப்பு எப்படி நடக்கிறது, எதைத் திருத்தலாம் என்று பல்கலைக்கழகம் கேட்கிறதாம். கொண்டுவந்தவர் பல்கலைக்கழக ஆலோசகர் மிஸ் இராசமலர், யாழ்ப்பாணத்துக் குடும்பத்துப் பெண். எங்களில் பாதிப் பேரைவிட இளையவர்.

பக்கத்தில் மாரிமுத்து, ஈப்போவில் கிராணி, அதாவது எழுத்தர் வேலை பார்ப்பவர், மளமளவென்று எல்லாக் கட்டத்திலும் 'நன்று' என்று குறித்துவிட்டார்.

"என்னக்கா யோசிக்கிறீங்க? எல்லாம் நல்லா இருக்குன்னு போடுங்க லா. தொர கேட்டா வேற என்ன சொல்லுவோம்?" என்று சிரித்தார்.

நானும் அப்படித்தான் போட்டிருப்பேன், பயம் என்று ஒன்று இருந்திருந்தால். அன்று அது இல்லை. அழுகை மரத்துப்போன இடத்தில் பயமும் மரத்துப்போயிருந்தது. படிவத்தின் பின்பக்கமும் இன்னும் மூன்று தாளுமாக எழுதினேன். கட்டுரைக்குக் கெடு முடிந்த பிறகு புத்தகம் வருவதை எழுதினேன். தனித் திட்டம் என்று பெயர் வைத்துவிட்டு, அந்தத் தனி ஆளின் வாழ்க்கை மாறினால் திட்டம் மட்டும் மாறாது என்பது என்ன நியாயம் என்று கேட்டேன். என் வீட்டுக்காரர் இறந்ததையும் செல்வி கேட்ட கேள்வியையும் எழுதினேன். பெயர் கேட்கவில்லை, ஆனாலும் கீழே பெயரைப் போட்டேன்.

மாரிமுத்து எட்டிப் பார்த்தார். "பேரு வேற போட்டீங்களா? போச்சு லா!"

திரும்பும்போது கோப்பேங் தாண்டியதும்தான் கைப்பையில் அந்தக் கடிதம் அப்படியே இருப்பதைக் கண்டேன். தபாலில் போடலாம் என்று அம்மன் படத்தடியில் வைத்தேன். நாளைக்கு, நாளைக்கு என்று மூன்று வாரம் ஓடியது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டு வாசலில் வாடகைக் கார் வந்து நின்றது. மிஸ் இராசமலர் இறங்கினார். படிப்பிலிருந்து எடுத்துவிட்டார்கள், அதை நேரில் சொல்ல வந்திருக்கிறார் என்றே நினைத்தேன். அப்பாவின் மலையுச்சி நிரை கண்ணில் வந்துபோனது.

அவர் உள்ளே வந்து சமையல்கட்டு மேசையில் உட்கார்ந்தார்.

"அக்கா, இருபத்திரண்டு தாள் வந்தது. இருபத்தொரு தாளிலை எல்லாம் நல்லா இருக்கெண்டு கிடக்கு. அதை வச்சு நாங்கள் என்னத்தைத் திருத்துறது? உங்கடை தாளை வச்சுத்தான் கூட்டமே நடந்தது."

இனி ஆண்டுதோறும் மாணவரும் ஆலோசகரும் சேர்ந்து உட்கார்ந்து திட்டத்தைத் திருத்தலாம் என்று முடிவு செய்திருந்தார்கள். எனக்கு அந்த மூன்று மாதத்தை இரண்டு பள்ளி விடுமுறைகளில் சில வாரங்களாகப் பிரித்துக் கொடுத்தார்கள். மகளையும் கூட்டி வரலாம். மீதிக்கு, தமிழ்ப்பள்ளி ஆறாம் ஆண்டோடு எங்கள் தோட்டத்துப் பிள்ளைகள் ஏன் படிப்பை நிறுத்துகிறார்கள் என்று ஆராய்ந்து எழுத வேண்டும். அந்தப் பிள்ளைகளின் பெயர் எனக்கு மனப்பாடம்.

மிஸ் புதுத் தாளை எடுத்தார். கையெழுத்துக்காக நான் பேனாவைத் தேடினேன். அவர் பையிலிருந்து ஒரு பென்சிலை எடுத்தார்.

"கையெழுத்தை மட்டும் பேனையாலை போடுங்கோ. திட்டத்தைப் பென்சிலாலை எழுதுவம். பிறகு ஏதும் மாறினால் அழிச்சுப்போட்டு எழுதலாம்."

அவ்வளவுதான் சொன்னார். எனக்குள் ஏதோ உடைந்துவிட்டது. மேசையில் தலையைக் கவிழ்த்து அழுதேன். எட்டு மாத அழுகை. செல்வி ஓடிவந்து என்னைக் கட்டிக்கொண்டு அவளும் அழுதாள். பாவம் மிஸ், ஏதோ தப்பாகச் சொல்லிவிட்டோம் என்று பதறிப்போனார். அம்மனிடம் நான் கேட்டது அந்த அழுகையைத்தான் என்று அவருக்கு எப்படித் தெரியும்?

இரண்டு ஆண்டு கழித்துப் பட்டம் வாங்கினேன். மாரிமுத்துவும் வாங்கினார். அவர் மனைவிக்குப் பிள்ளை பிறந்தபோது அவர் திட்டத்தையும் அழித்துத்தான் எழுதினார்கள். ஆனால் நான் பட்டத்துக்கு நன்றி சொல்ல வரவில்லை. அம்மன் என்னை அழ வைத்தாளே, அதற்குத்தான். அழுவதற்கு முன்னால் பயத்தைப் பிடுங்கி வைத்துக்கொண்டு என்னை எழுத வைத்ததும் அவள்தான் என்று நம்புகிறேன். மரத்துப்போனேன் என்று அவளிடமே குறைப்பட்டேன். அந்த மரப்பைக் கொண்டே வழி திறந்தாள்.

அழுத பிள்ளைதான் பால் குடிக்கும் என்பார்கள். வருகிற வெள்ளிக்கிழமை அவள் முன்னால் நிற்கும்போது, "நல்லா இருக்கோம் தாயே" என்று சொல்லிவிட்டு வந்துவிடாதீர்கள். கூரை ஒழுகினால் ஒழுகுகிறது என்று சொல்லுங்கள். அவள் துரை இல்லை.