மறு கைப்பிடி

பையோடு குன்னூர் ரோட்டில் இறங்கிக்கொண்டிருந்தபோதுதான் என்னை வேலையைவிட்டு விரட்டியது சரியாக உறைத்தது. இந்த மலையில் விரட்டுவதுகூட மரியாதையாகத்தான் நடக்கும். “நீங்க இனி வரவேண்டாமுங்க” என்றார் எஸ்டேட் ஆபீசர். எங்கள் கடற்கரை ஊரில் அதற்குள் நாலு தலைமுறையை இழுத்துத் திட்டியிருப்பார்கள்.

தேயிலை வெட்டும் மிஷினை மழையில் விட்டு எஞ்சினைக் கெடுத்தவன் நான் என்று சொன்னவர் சாமுவேல். தொழிலாளர் லைன் வீடுகளில் எனக்கு அடுத்த வீடு. விட்டது அவர்தான் என்பது எனக்குத் தெரியும். ஆனாலும் பேசாமல் கிளம்பினேன். ஏழாம் வகுப்பில் வாத்தியார் அடித்தபோதும் அப்படித்தான். படிப்பு அதோடு முடிந்தது. அதன்பின் ஒரு சண்டைக்குத் திருப்பூர், இன்னொன்றுக்குக் கொச்சி. இப்படிப் பேசாமல் விலகிப் போவதைத்தான் மன்னிப்பு என்று நினைத்து, போன ஊரிலெல்லாம் மாதா கோவிலில் நிம்மதியாக முழந்தாளிட்டிருக்கிறேன்.

பின்னால் யாரோ ஓடிவந்தார்கள். ஞாயிற்றுக்கிழமைச் சட்டையில் சாமுவேல்.

“ஏனுங்க, நில்லுங்க! சர்ச்சுல திருவிருந்து அப்பம் வாங்கப் போனேன், முட்டி போட முடியலீங்க. பாதியில எந்திரிச்சு ஆபீசர் ஊட்டுக்குப் போய் உள்ளதச் சொல்லிப்போட்டேன். உங்களைத் திரும்ப வரச் சொன்னாருங்க. என்னை மன்னிச்சுப்போடுங்க.”

“அதெல்லாம் அப்பவே மன்னிச்சாச்சு” என்று நடந்தேன்.

“மன்னிச்சவரு எதுக்குங்க பையத் தூக்கிட்டுப் போறீங்க?”

எங்கள் ஊரில் காலையில் வலைக்காக மண்டை உடையும். சாயங்காலம் ஒருவர் தீப்பெட்டி கேட்பார், மற்றவர் நீட்டுவார். மறுநாள் ஒரே வள்ளத்தில் போவார்கள். மன்னிப்பு என்ற சொல்லையே பூசையில்தான் கேட்டிருக்கிறேன். ஆனால் அவர்கள் யாரும் ஊரைவிட்டுப் போகவில்லை.

பையைக் கீழே வைத்தேன். “கோவம்தான் வே. உம்ம மூஞ்சியப் பாக்கவே புடிக்கல.”

“இப்பத்தானுங்க சரி” என்றார், மூச்சு வாங்கியபடி. “செவுத்துக்கு அந்தப் பக்கந்தானே இருக்கப்போறேன். தினம் திட்டுங்க.”

மேடு ஏறினோம்.

மறுநாள் காலை வேறு மிஷின் கொடுத்தார்கள். பொய் சொன்னவரோடு மிஷின் பிடிக்க மாட்டேன் என்று சாமுவேலின் கூட்டாளி விலகிக்கொண்டார். அது இருவர் தூக்கும் மிஷின். செடி வரிசைக்கு இந்தப் பக்கம் ஒருவர், அந்தப் பக்கம் ஒருவர். ஆபீசர் என்னைப் பார்த்தார். போய் மறு கைப்பிடியைப் பிடித்தேன்.

“மெதுவாங்க, கடல்காரரே!”

“நீரு முதல்ல நேராப் பிடியும் வே!”

கோபம் முழுசாகப் போய்விடவில்லை. அவர் நடைக்கு என் நடையைச் சரிசெய்துகொண்டேன். மணலில் பழகிய கால் அந்தச் சரிவில் வழுக்கிக்கொண்டே இருந்தது. கை மட்டும் மிஷினை விடவில்லை.