எதிர்க்கட்சிக்காரி

ஆஸ்பத்திரியின் பின்கட்டில், சலவை இயந்திரங்கள் கடகடக்கும் கூடத்துக்கு அடுத்த அறையில் உட்கார்ந்து தையலக்கா துணி தைக்கிறாள். நோயாளிகளின் அங்கி, தலையணை உறை, கிழிந்த போர்வை எல்லாம் அவளிடம்தான் வரும். ஆபரேஷனின்போது ஆளின்மேல் போர்த்துகிற பச்சைத் துணியில் நடுவே ஓர் ஓட்டை விட்டிருப்பார்கள், கத்தி வைக்கிற இடம் மட்டும் தெரிவதற்காக. அந்த ஓட்டையின் ஓரம் பிரிந்து வராமல் மடித்துத் தைப்பதில் அக்காவுக்குத் தனிப் பெருமை. கைக்குச் சரிசமமாக வாயும் உண்டு. அவள் ஒரு விஷயத்தைப் பேச ஆரம்பித்தால் சலவைக்காரர் இயந்திரத்தின் சத்தத்தைக் காரணம் காட்டிக் காது கேளாதவராகிவிடுவார்.

அந்த வாய் அப்பா விட்டுப்போன சொத்து. அப்பா கோர்ட்டில் டைப்பிஸ்ட். பகலெல்லாம் இரண்டு கட்சிக்காரர்களின் வாதத்தையும் தட்டித் தள்ளிவிட்டு வீட்டுக்கு வருவார். சாப்பாட்டு நேரத்தில் பெண்கள் இருவரையும் எதிரெதிரே உட்கார வைத்து ஒரு வழக்கைக் கொடுப்பார். பூனை வளர்க்கலாமா, கூடாதா? நல்லதுக்குப் பொய் சொல்லலாமா, கூடாதா? தங்கை தன் மனசுக்குப் பட்ட பக்கத்தை முந்திக்கொண்டு எடுத்துக்கொள்வாள். மிச்சம் கிடக்கிற பக்கம் அக்காவுக்கு. மிச்சத்தைப் பேசிப் பேசியே அவள் தேறிவிட்டாள். "இவ பொறக்கும்போதே எதிர்க்கட்சி" என்று அப்பா சொல்லிச் சொல்லிச் சிரிப்பார். தட்டைக் கழுவிவிட்டால் வழக்கு முடிந்தது, அதற்குமேல் யாரும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ளக் கூடாது என்பது அந்த வீட்டுச் சட்டம்.

தொட்டில் பழக்கம் சுடுகாடு மட்டும் என்பார்கள். அப்பா போய்ச் சேர்ந்த பிறகும் இரண்டு பேரும் அதை விடவில்லை. தங்கை கல்யாணமாகி நகரத்தின் மறுகோடிக்குப் போனவள், ஞாயிற்றுக்கிழமையானால் பஸ் மாறி ஏறி அக்கா வீட்டுக்கு வந்துவிடுவாள், சண்டை போடுவதற்கென்றே. கூடவே மகளும் வருவாள்.

மகளுக்கு வீட்டில் வைத்த பெயர் வேறு, எல்லாரும் கூப்பிடுவது வாலு என்று. வளர்ச்சி மெதுவாகத்தான் இருக்கும் என்று வயிற்றில் இருக்கும்போதே டாக்டர் சோதனை செய்து சொல்லிவிட்ட பிள்ளை. தங்கை தெரிந்தேதான் பெற்றாள். இப்போது வாலுவுக்கு இருபது தாண்டிவிட்டது. ஓர் அலுவலகக் கேன்டீனில் மேசை துடைக்கிறாள், சம்பளத்தில் கலர் கலராகத் தலைக்கு ரிப்பன் வாங்குகிறாள். எழுத்துக் கூட்டிப் படிப்பதற்குள் பொழுது சாய்ந்துவிடும், ஆனால் சீட்டாட்டத்தில் ஏமாற்றுவதில் அவளை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. கையும் களவுமாகப் பிடித்தாலும், "சீட்டு தானா வந்துது பெரியம்மா" என்று முகத்தைப் பார்த்துச் சொல்வாள். பிள்ளையில்லாத பெரியம்மாவுக்கு அந்தத் திருட்டு முழியைப் பார்ப்பதற்காகவே தோற்றுப் போகலாம் என்றிருக்கும்.

இந்த மூன்று பேருக்கு நடுவே நான்காவதாக ஒருவர் வந்து சேர்ந்தார். நேரில் அல்ல, ரேடியோவில். ஊரறிந்த அறிஞர், எல்லாருக்கும் அவர் பேராசிரியர். மரணம், நியாயம், சுதந்திரம் என்று பெரிய பெரிய விஷயங்களைப் பக்கத்துவீட்டுக்காரரிடம் பேசுவதுபோலப் பேசுவார். கணவன் சொல்லாமல் கொள்ளாமல் வீட்டை விட்டுப் போன வருஷத்தில், தையல் மிஷினுக்குப் பக்கத்தில் ஒலித்த அந்தக் குரல்தான் அக்காவைக் கரை சேர்த்தது. 'நமக்கு நடந்தது என்பதாலேயே அது நம் தவறு ஆகிவிடாது' என்று ஒருநாள் அவர் சொன்னபோது, அக்கா துணியை மடியில் போட்டுக்கொண்டு அழுதிருக்கிறாள். அவருடைய பேச்சுகளில் பாதி அவளுக்கு மனப்பாடம்.

அந்த வாயிலிருந்துதான் இதுவும் வந்தது. துன்பத்தைக் குறைப்பது பற்றிய பேச்சு. வழக்கம்போலக் குரலை உயர்த்தாமல், நிதானமாகச் சொன்னார். முன்கூட்டியே தெரிந்துகொள்ளும் வசதி இருக்கும்போது, வளர்ச்சி குன்றிய குழந்தையைத் தெரிந்தே பெற்றுக்கொள்வது தாயின் அன்பு இல்லையாம், தாயின் பிடிவாதமாம்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை தங்கை செருப்பைக்கூடக் கழற்றவில்லை. வாலு உள்ளே போய்ச் சீட்டுக்கட்டைத் தேடிக்கொண்டிருந்தாள்.

"கேட்டியா, அந்த ஆள் பேசினதை?"

"கேட்டேன்."

"துவேஷம் பிடிச்ச ஆளு. படிச்சவன் வாயில வந்தா அது தத்துவமா?"

அக்காவுக்கும் அந்தப் பேச்சு கொஞ்சமும் பிடிக்கவில்லைதான். ஆனால் தங்கை ஒரு பக்கத்தை எடுத்துக்கொண்டுவிட்டாள். மிச்சம் இருந்தது ஒரு பக்கம். அக்காவின் நாக்கு அவளைக் கேட்காமலே அங்கே போய் உட்கார்ந்துகொண்டது.

"அவர் யாரையும் திட்டலையே. ஒரு கேள்விதானே கேட்டார்?"

"என் பொண்ணு இருக்கலாமா வேணாமான்னு ஒரு கேள்வியா?"

"உன் பொண்ணைச் சொல்லல, பொதுவாச் சொன்னார். வெறுக்கிறவன் காரணம் சொல்லிக்கிட்டு நிக்க மாட்டான். இவர் காரணம் சொல்றார். பிடிக்காத கருத்தை எல்லாம் துவேஷம்னா அப்புறம் யார்தான் வாயைத் திறக்கிறது?"

"காரணம் சொல்லிட்டுக் கழுத்தை அறுத்தா வலிக்காதா?"

"வலிக்குதுங்கிறதுக்காக ஒரு விஷயம் பொய்யாயிடுமா?"

தங்கை வாசல் பக்கம் திரும்பிக்கொண்டாள். ஜெயித்தாயிற்று. அக்கா அந்தச் சூட்டோடு, "சரி, கையைக் கழுவு, சாப்பிடலாம்" என்று உள்ளே போனாள். தட்டுகளோடு திரும்பி வந்தபோது வாசல் கதவு திறந்து கிடந்தது. சீட்டுக்கட்டு பாதி பிரித்தபடி தரையில் இருந்தது. அவள் தெருமுனை வரைக்கும் ஓடிப்போய்ப் பார்த்தாள். பஸ் போயிருந்தது.

கோபம் ஆறினதும் வருவாள் என்றுதான் நினைத்தாள். வரவில்லை. போன் அடித்து அடித்து ஓய்ந்தது. ஒருமுறை தங்கை வீட்டுக்காரர் எடுத்தார். பாவம், லாரி ஓட்டுகிற மனுஷன், வீட்டில் இருப்பதே அபூர்வம். "கொஞ்ச நாள் போகட்டுங்க அக்கா" என்றார். "வாலு கேக்கலையா என்னை?" என்றாள். "கேக்குறா. பெரியம்மாவுக்கு ஆஸ்பத்திரியில வேலை ஜாஸ்தின்னு அவ அம்மா சொல்லியிருக்கா" என்றார். அந்த வேலை அப்புறம் முடியவே இல்லை. மழைக்காலம் வந்து போனது, வெயில் வந்தது.

இதற்குள் ஊரெல்லாம் இதே பேச்சு. ஊர் இரண்டுபட்டால் கூத்தாடிக்குக் கொண்டாட்டம். பத்திரிகைகளுக்கு நல்ல அறுவடை. சிந்தனையாளரா, துவேஷியா என்று பக்கம் பக்கமாக எழுதினார்கள். எழுதியவர்களில் எத்தனை பேர் பேச்சை முழுசாகக் கேட்டார்கள் என்பது அவரவர் மனசாட்சிக்கே வெளிச்சம். துணி அறையிலும் டீ நேரத்தில் வழக்கு நடந்தது. "மரியாதையாப் பேசினா விஷம் சர்க்கரை ஆயிடுமா?" என்பாள் பிரசவ வார்டு நர்ஸ். "அந்தாளு எத்தனை நல்லது சொல்லியிருக்கார், ஒரு பேச்சுக்காக எல்லாத்தையும் சாக்கடையில ஊத்தச் சொல்றியா?" என்பார் சலவைக்காரர். அப்புறம் இரண்டு பேரும் அக்காவின் பக்கம் திரும்புவார்கள். அக்கா ஊசியில் நூல் கோத்தபடியே, "எனக்குத் தெரியல" என்பாள். சலவைக்காரர் பயந்துபோய், உடம்புக்கு ஏதாவதா என்று விசாரித்தார்.

அவளுக்கு நிஜமாகவே தெரியவில்லை. அந்த மனுஷர் யாரையாவது வெறுக்கிறாரா? இத்தனை வருஷம் கேட்ட குரலில் வெறுப்பு எங்கேயும் தட்டுப்பட்டதில்லை. ஆனால் இப்போது ரேடியோவைத் திருப்பினால், அவர் "ஆனால்" என்று ஆரம்பிக்கும்போதே தங்கையின் முகம் வந்து நின்றுவிடுகிறது. நிறுத்திவிடுவாள். தைக்கும்போது மனசுக்குள் தங்கையோடு வாதாடிப் பார்த்தாள், இரண்டு பக்கமும் தானே பேசி. தங்கையின் பக்கம் சப்பென்று இருந்தது. பாதி வாக்கியத்தில் மூக்கைச் சுளிப்பது, தோற்கப்போகிற நேரத்தில் சம்பந்தமில்லாமல் அப்பாவை இழுப்பது, இதெல்லாம் கற்பனையில் வரவில்லை. எதிரே ஆள் இல்லாமல் எதிர்க்கட்சி என்ன கட்சி? ஞாயிற்றுக்கிழமைகளில் வாசலில் யாருடைய செருப்புச் சத்தம் கேட்டாலும் எழுந்து நின்றாள். எழுந்து நின்ற பிறகு, சும்மா எழுந்ததாகக் காட்டிக்கொள்ளத் தண்ணீர் குடித்தாள். அத்தனை ஆசை அவளுக்கு, வாய்விட்டுச் சொல்லத்தான் ஆள் இல்லை.

பேராசிரியர் நகர மண்டபத்தில் பேச வருகிறார் என்று போஸ்டர் ஒட்டியபோது, அக்கா முதல் ஆளாக டிக்கெட் வாங்கினாள். பேச்சு முடிந்ததும் கூட்டத்திடம் மைக்கைக் கொடுப்பார்கள். எழுந்து ஒரே ஒரு கேள்வி கேட்பது என்று முடிவு செய்திருந்தாள்: 'ஐயா, அப்படிப்பட்ட ஒருத்தியோடு நீங்கள் ஒரு மத்தியானமாவது சீட்டாடியிருக்கிறீர்களா?' அவர் தடுமாறினாலும் சரி, வருத்தம் தெரிவித்தாலும் சரி, அந்தப் பதிலை எடுத்துக்கொண்டு நேரே தங்கை வீட்டுக்குப் போய்விடலாம். வெறுங்கையோடு போக அவளுக்குத் தெம்பில்லை.

மண்டபத்து வாசலில் டிக்கெட்காரர்கள் ஒரு வரிசை, எதிர்ப்புக்காரர்கள் ஒரு வரிசை. 'வெறுப்புக்கு மேடை தராதே' என்று அட்டை பிடித்து நின்றவர்களில் ஒருத்தி அவள் தங்கை. இளைத்திருந்தாள். அக்காவைப் பார்த்தாள், அவள் கையிலிருந்த டிக்கெட்டைப் பார்த்தாள், பார்வையைத் திருப்பிக்கொண்டாள். பக்கத்தில் பிஸ்கட் தின்றுகொண்டிருந்த வாலு மட்டும், "பெரியம்மா!" என்று கத்திக்கொண்டு ஓடிவந்து கையைப் பிடித்துக்கொண்டாள்.

"வேலை முடிஞ்சுதா பெரியம்மா?"

அக்கா அந்தக் கையை இறுகப் பற்றிக்கொண்டாள். "முடிஞ்சுதும்மா" என்றாள்.

"எவ்ளோ வேலை!" என்று வாலு தலையில் அடித்துக்கொண்டாள். பிறகு மண்டபத்தைக் காட்டி, "அந்த ஆள் நம்மளப் பத்தித் தப்பாச் சொன்னாராம். என்ன சொன்னார்னு கேட்டா அம்மா சொல்ல மாட்டேங்குறா. நீங்க சொல்லுங்க" என்றாள்.

அக்கா தங்கையைப் பார்த்தாள். தங்கை அட்டையை இறக்காமலே சொன்னாள்: "பெரியம்மாவையே கேளு. அவளுக்குத்தான் அழகா எடுத்துச் சொல்ல வரும்."

அழகாகத்தான் வந்துகொண்டிருந்தது இத்தனை நாளும். துன்பம், பொறுப்பு, பொதுவாகச் சொன்னது என்று எல்லா வார்த்தைகளும் வரிசையாக வந்தன. ஓரமெல்லாம் பிஸ்கட் தூள் ஒட்டிய இந்த முகத்துக்கு முன்னால் வந்ததும் ஒவ்வொன்றாகக் கழன்று விழுந்தன. மிச்சம் நின்றது ஒரே ஒரு வாக்கியம்.

"நீ பிறக்காமலே இருந்திருக்கலாம்னு சொன்னார்."

வாலு யோசித்தாள். "அவருக்கு என்னைத் தெரியுமா?"

"தெரியாது."

"நீங்க என்ன சொன்னீங்க?"

பொய் சொல்லியிருக்கலாம். நல்லதுக்குப் பொய் சொல்லலாம் என்று எத்தனையோ தடவை வாதாடி ஜெயித்தவள்தான். ஆனால் வாலு அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"நான் அவர் சொன்னது சரின்னு பேசினேன்" என்றாள் அக்கா. "உன்னைத் தெரிஞ்சும் பேசினேன்."

வாலு கையை மெதுவாக எடுத்துக்கொண்டாள். கோபமாக உதறவில்லை, உதறியிருந்தால் தேவலை. எடுத்துத் தன் பாவாடைப் பையில் வைத்துக்கொண்டாள். அக்காவின் கை நீட்டியபடியே நின்றது.

தங்கை இந்த நாளுக்காகத்தான் காத்திருந்தாள் என்று தோன்றும். ஆனால் அக்காவின் முகத்தைப் பார்த்ததும் அவள் அட்டையைக் கீழே போட்டுவிட்டு நடுவே வந்து நின்றாள்.

"ஏய், கேளு. நீ வயித்துல இருக்கறப்போ உங்க அப்பா வேணாம்னார், பாட்டி வேணாம்னாங்க, டாக்டர் வேணாம்னார். எனக்கே பயமா இருந்துது. இவ ஒருத்திதான் எல்லார்கிட்டயும் சண்டை போட்டா. பிள்ளையைப் பெத்துக் குடு, நான் வளர்க்கிறேன்னு சொன்னா. இவ வாயாலதான் நீ பிறந்த. புரியுதா?"

"அப்ப ஏன் அப்படிப் பேசினாங்க?"

தங்கை மகளின் தோளைப் பிடித்தாள். "அதுதாண்டி எனக்கும் தெரியல" என்றபோது குரல் உடைந்துவிட்டது. அக்கா, "தப்புடா, தப்பு" என்றாள்.

வாலு பெரியம்மாவை ஏற இறங்கப் பார்த்தாள். "யோசிச்சுச் சொல்றேன்" என்று சொல்லிவிட்டு பஸ் நிறுத்தத்தைப் பார்த்து நடந்தாள்.

உள்ளே கைதட்டல் கேட்டது. பேராசிரியர் பேச ஆரம்பித்துவிட்டார் போலிருக்கிறது. தங்கை கண்ணைத் துடைத்துக்கொண்டு கொஞ்ச தூரம் போனவள் திரும்பி, "வர்றியா, இல்ல உள்ள போறியா?" என்றாள். அக்கா ஓட்டமும் நடையுமாகப் போய்ச் சேர்ந்துகொண்டாள்.

பஸ்ஸில் வாலு ஜன்னலோரம் உட்கார்ந்து அம்மாவைப் பக்கத்தில் இழுத்து வைத்துக்கொண்டாள். அக்காவுக்குப் பின் சீட்தான் கிடைத்தது. முன்னால் அந்தத் தலை, மஞ்சள் ரிப்பன் கட்டி, வெளியே கடைகளை வேடிக்கை பார்த்தபடி ஆடிக்கொண்டு போனது. யோசிக்கிறாளோ, மறந்தே விட்டாளோ, தெரியவில்லை. வாதாடிப் பெறக்கூடிய தீர்ப்பும் இல்லை இது. இறங்குவதற்குள் அந்தத் தலை ஒரே ஒரு தடவை தன் பக்கம் திரும்பிவிட வேண்டும் என்று அக்காவுக்கு அவ்வளவு ஆசையாக இருந்தது.