சாயாத படகு

ரீத்தாவுக்குத் தண்ணீர் என்றால் பயம். குளிக்கும்போது தலையில் ஊற்றிக்கொள்வதோடு சரி, மற்றபடி எந்தத் தண்ணீரோடும் அவளுக்குச் சகவாசம் கிடையாது. அப்படிப்பட்டவளுக்கு வாய்த்த வேலை, கல்வராயன் மலையில் இருக்கும் கரும்பாறை ஏரிக்குப் படகு ஏற ஊரிலுள்ளவர்களையெல்லாம் கூப்பிடுவது. கூப்பிடுவது என்றால் பஸ் ஸ்டாண்டில் நின்று கத்துவது இல்லை. கள்ளக்குறிச்சியில் தன் வீட்டு முன்னறையில், தையல் மெஷினுக்கும் பீரோவுக்கும் நடுவே ஒரு கம்ப்யூட்டரைப் போட்டுக்கொண்டு வெப்சைட் வழியாகக் கூப்பிடுவாள்.

அதற்கு முன்பு அவள் ஃப்ளெக்ஸ் கடையில் டிசைன் வேலை பார்த்தாள். காதுகுத்து, மஞ்சள் நீராட்டு, கல்யாணம், கண்ணீர் அஞ்சலி எல்லாவற்றுக்கும் அவள்தான். தாய்மாமன்களின் வழுக்கையில் முடி முளைக்க வைப்பதில் அவளை மிஞ்ச அந்த வட்டாரத்தில் ஆள் கிடையாது. முதலாளி கடையை மூடிவிட்டு சேலத்துக்குப் போனபோது, பழைய கம்ப்யூட்டரை அவளிடமே கொடுத்துவிட்டார். அதில் ‘ஆளுங்க’ என்று ஒரு ஃபோல்டர் இருந்தது. ஃப்ளெக்ஸ் கடைகளில் இது ஒரு வழக்கம். எந்த வேலைக்கு எந்தப் படம் வந்தாலும், பின்னால் இருக்கும் சுவரையும் செடியையும் அழித்து, ஆளை மட்டும் வெட்டி எடுத்துப் போட்டு வைப்பார்கள். கல்யாணம் ஆனவர்களும் செத்துப்போனவர்களும் அதற்குள் பேர் இல்லாமல் ஒன்றாக நின்றுகொண்டிருப்பார்கள். யாரும் அதைப் பற்றி யோசித்ததில்லை.

ஏரியைக் குத்தகைக்கு எடுத்திருந்தவர் தனசேகரன். சில பெடல் போட்டுகள், ஒரு டிக்கெட் கூண்டு, ஒரு பஜ்ஜிக் கடை, இவ்வளவுதான் அவர் சாம்ராஜ்யம். ரீத்தா அதைப் படத்தில் கொடைக்கானல் ஆக்கினாள். பழுப்புத் தண்ணீரை நீலமாக்கினாள். இல்லாத மூடுபனியை வரவழைத்தாள். போன் செய்கிறவர்களுக்கும் பொறுமையாகப் பதில் சொன்னாள். “போட்டுல ஏசி இருக்குமாம்மா?” என்று சின்னசேலத்திலிருந்து ஒருவர் கேட்டார். “காத்து ஃப்ரீங்க சார்” என்றாள். எல்லாம் செய்தும் கூட்டம் வரவில்லை. மழைக்காலம் முடிந்ததும் தனசேகரன் வந்து உட்கார்ந்து, காபியைக் குடித்துவிட்டு, “இன்னும் ஒரு மாசம் பாப்பம்மா. அப்பறம் போட்டெல்லாம் வித்துட வேண்டியதுதான்” என்றார்.

அவள் கணவன் லூர்துராஜுக்கு அப்போது வேலை சரியாக இல்லை. ஆள் மட்டும் நல்ல கனம். ஸ்கூட்டரில் அவன் பின்னால் ஏறினால் முன்பக்கம் தூக்கிக்கொண்டு, ஹெட்லைட் வெளிச்சம் ரோட்டை விட்டு மரத்துக்குத் தாவும். “காக்காவுக்கெல்லாம் லைட் அடிச்சிக்கினே போறோம்” என்று ரீத்தா கேலி செய்வாள். அப்படிப் போய்க்கொண்டிருந்த ஒரு நாள் அவன்தான் அந்த யோசனையைச் சொன்னான். “ரீல்ஸ்ல இப்ப பேய் இருக்கற எடந்தான் ஓடுது. ஒரு பேய வுட்டுப் பாரேன்.”

விட்டாள். ஐந்தாம் நம்பர் படகில் பொழுது சாயும் நேரத்தில் ஒரு பெண் உட்கார்ந்திருப்பாள் என்று எழுதினாள். எப்போதும் இடது பக்கத்து சீட்டில்தான், யாருக்கோ காத்திருப்பாள், கூப்பிட்டால் திரும்ப மாட்டாள் என்று இரண்டு மூன்று வரி சேர்த்தாள். வெறும் எழுத்தை யார் படிக்கிறார்கள்? ‘ஆளுங்க’ ஃபோல்டரைத் திறந்து, கண்ணில் பட்ட ஒரு பெண்ணை எடுத்தாள். முகத்தைக் கலங்கலாக்கி, சுடிதாருக்குப் பச்சை அடித்து, படகின் இடது சீட்டில் ஒட்டினாள். துப்பட்டா நுனியை விரலில் சுற்றிக்கொண்டு நின்றவள், இடுப்புக்குக் கீழே வெட்டியதும் உட்கார்ந்த மாதிரியே ஆகிவிட்டாள். வேலை முடிந்ததும் ரீத்தாவுக்கே கொஞ்சம் சில்லென்று இருந்தது. நல்ல வேலை என்று சந்தோஷப்பட்டாள்.

அதற்குப் பிறகு மலையில் கூட்டம் அடங்கவில்லை. ஐந்தாம் நம்பருக்கு மட்டும் தனி வரிசை நின்றது. காலேஜ் பையன்கள் வந்து கத்தி, செல்ஃபி எடுத்து, பஜ்ஜி தின்றுவிட்டுப் போனார்கள். தனசேகரன் படகுகளுக்குப் புதுப் பெயின்ட் அடித்தார்.

ஒரு சனிக்கிழமை படகுத்துறையிலிருந்து பகலவன் போன் செய்தான். லைஃப் ஜாக்கெட் மாட்டிவிட்டு, படகைத் தள்ளிவிட்டு, திரும்பி வரும்போது கொக்கி போட்டு இழுப்பது அவன் வேலை. எதற்கும் அலட்டிக்கொள்ளாத ஆள். அன்றைக்கு அவன் குரல் சரியில்லை.

“யக்கா, வெள்ளிக்கெழம வெள்ளிக்கெழம ஒரு அம்மா வருது. அஞ்சாம் நம்பருதான் கேக்குது. ஒத்த ஆளுதான், ஆனா ரெண்டு டிக்கெட் எடுக்குது. ரெண்டு ஜாக்கெட் வாங்கிக்குது. ஒண்ண அது போட்டுக்கினு, இன்னொண்ண எடது சீட்டு மேல வச்சி, பக்கிள்லாம் மாட்டி வுடுது.”

“பாவம், மனசு சரியில்லாதவங்களா இருக்கும்” என்றாள் ரீத்தா.

“அது இல்லக்கா. ரெண்டு பேரு போற போட்டுல ஒத்த ஆளு ஏறினா, அவங்க பக்கம் சாயும். எப்பவும் சாயும். நீ வேணா கொழந்தய ஏத்திப் பாரு, அதுக்கே சாயும். அந்தம்மா போனா போட்டு மட்டமா போவுது.”

ரீத்தா சிரிக்கப் பார்த்தாள். சிரிப்பு வரவில்லை.

அடுத்த வெள்ளிக்கிழமை ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு மலை ஏறினாள். படகுத்துறையின் பலகைமேல் கால் வைக்காமல் கரையிலேயே நின்றாள். அந்த அம்மாள் ஏரிக்கு நடுவே இருந்தாள். ஒடிசலான உடம்பு, வலது பக்கத்து சீட்டு. இடது சீட்டில் ஆரஞ்சு ஜாக்கெட் மட்டும். பகலவன் சொன்னது உண்மைதான். மேஜைமேல் வைத்த தட்டு போல படகு மட்டமாக நின்றது. அந்த அம்மாள் பக்கத்துச் சீட்டைப் பார்த்து ஏதோ பேசிக்கொண்டிருந்தாள். நடுநடுவே நிறுத்துவாள். பதிலைக் கேட்டுக்கொள்கிறவளைப் போலத் தலையாட்டிவிட்டு மறுபடியும் பேசுவாள்.

கரைக்கு வந்ததும் டீ வாங்கிக் கொடுத்துப் பேச்சுக் கொடுத்தாள். பேர் குஞ்சம்மாள். திருநாவலூர்ப் பக்கம், களை எடுக்கவும் கரும்பு வெட்டவும் போகிற குடும்பம். ஒரே மகள் ஷாலினி கள்ளக்குறிச்சியில் ஜவுளிக்கடை வேலைக்கு வந்து போய்க்கொண்டிருந்தவள், ஒரு நாள் வேலைக்குப் போனவள் திரும்பவில்லை. மலை பஸ்ஸில் பார்த்ததாக யாரோ சொன்னார்கள். திருப்பூரில் பார்த்ததாக வேறு யாரோ சொன்னார்கள். ஸ்டேஷனுக்கும் பஸ் ஸ்டாண்டுக்கும் நடந்ததுதான் மிச்சம்.

“பக்கத்து வூட்டுப் புள்ள அந்தப் போட்டுப் படத்த போன்ல காட்டிச்சி” என்றாள் குஞ்சம்மாள். “மூஞ்சி தெரியலன்னா இன்னா? துப்பட்டாவ வெரல்ல சுத்திக்கினு கீறா பாரு, அது எம் பொண்ணுதான். அவங்கப்பன் இன்னமும் திருப்பூரு, ஈரோடுன்னு தேடிக்கினு இருந்தாரு. நேத்துதான் சொல்லிட்டன், இனிமே அலையாத, அவ இருக்கற எடம் எனக்குத் தெரியும்னு.”

மடியிலிருந்து ஒரு நோட்டீஸை எடுத்துப் பிரித்தாள். ‘காணவில்லை’ என்று மேலே சிவப்பு எழுத்து. கீழே ஷாலினி துப்பட்டா நுனியை விரலில் சுற்றிக்கொண்டு நின்றாள். அந்தச் சிவப்பு எழுத்து எந்த ஃபான்ட் என்று ரீத்தாவுக்குத் தெரியும். அந்த நோட்டீஸை அடித்துக் கொடுத்தவளே அவள்தான். அப்பன்காரர் கைலியோடு கடையில் நின்று, “போட்டோ கொஞ்சம் பெருசா வர்ற மாதிரி போடுங்கம்மா” என்று கேட்டது ஞாபகம் வந்தது.

வீட்டுக்கு வந்து லூர்துராஜிடம் சொல்லி அழுதாள். அவன், “அந்தம்மா நிம்மதியாத்தான கீது? நீ போயி சொன்னா அதுவும் போயிடும். வுட்டுடேன்” என்றான். அவன் சொன்னதில் நியாயம் இருந்தது. ஆனால் அந்தப் பெண் எங்கேயோ உயிரோடு இருந்தால்? யாராவது தேடி வருவார்கள் என்று காத்திருந்தால்? அவளைத் தேடிக்கொண்டிருந்த ஒரே ஒரு மனுஷரையும் ரீத்தாவின் பொய் வீட்டில் உட்கார வைத்துவிட்டது. வாரம் முழுக்க இதையே நினைத்தாள். சாதத்தில் உப்பு போட மறந்தாள், போன் அடித்தால் எடுக்கவில்லை. இடது சீட்டு மட்டும் கண்ணை விட்டுப் போகவில்லை. அவளாக எழுதிய சீட்டு, அவளாக உட்கார வைத்த பெண். பிறகு படகு ஏன் மட்டமாக நின்றது?

வெள்ளிக்கிழமை காலை வெப்சைட்டிலிருந்து அந்தப் பக்கத்தையே எடுத்துப் போட்டாள். போனுக்குப் போன் பரவியதை எடுக்க யாராலும் முடியாது. பிறகு மலை ஏறினாள்.

குஞ்சம்மாள் துறையில் ஜாக்கெட் மாட்டிக்கொண்டிருந்தாள். ரீத்தா முதல்முறையாகப் பலகைமேல் கால் வைத்தாள். அடியில் தண்ணீர் சளசளத்தது.

“அம்மா, அந்தக் கத நான் எழுதுனதுங்க. படத்தயும் நான்தான் ஒட்டனன். நீங்க நோட்டீஸ் அடிச்சீங்களே, அந்தக் கடையிலதான் நான் இருந்தன். உங்க பொண்ணு படம் அந்தக் கம்ப்யூட்டர்லயே இருந்திச்சி. யாரு எவருன்னு பாக்காம எடுத்துப் போட்டுட்டன்.”

குஞ்சம்மாள் அவளைப் பார்த்தாள். திட்டுவாள், அடிப்பாள் என்று ரீத்தா காத்திருந்தாள். அடித்திருந்தால் தேவலை.

“அப்ப எம் பொண்ணு இந்த ஏரிக்கு வரலியா?”

“தெரியலிங்கம்மா. வந்தான்னும் தெரியாது, வரலன்னும் தெரியாது. நான் சொன்னது பொய், அது மட்டுந்தான் தெரியும்.”

குஞ்சம்மாள் இரண்டாவது ஜாக்கெட்டை வாங்கிக்கொண்டாள். இடது சீட்டில் வைத்து, பக்கிள் ஒவ்வொன்றாக மாட்டினாள். படகில் ஏறினாள். பகலவன் தள்ளிவிட்டான். படகு மட்டமாகத்தான் போனது.

நடு ஏரியில் அவள் மிதிப்பதை நிறுத்தினாள். பக்கத்துச் சீட்டுப் பக்கம் திரும்பி நெடுநேரம் பேசினாள். காற்று இல்லை. அப்போது படகின் இடது பக்கம் மெதுவாக மேலே எழும்பியது. வலது பக்கம் அமிழ்ந்தது. ஒரு ஆள் எழுந்து போனால் எப்படிச் சாயுமோ அப்படியே சாய்ந்தது. பகலவன் கையிலிருந்த கொக்கி பலகையில் விழுந்தது.

சாய்ந்த படகை ஓட்டிக்கொண்டு குஞ்சம்மாள் கரைக்கு வந்தாள். இடது சீட்டு ஜாக்கெட்டின் பக்கிள் எல்லாம் கழன்று கிடந்தன.

“நீ சொன்னத அவகிட்ட சொன்னன்” என்றாள். “கேட்டுக்கினே இருந்தா. எறங்கிட்டா.”

“எங்கங்கம்மா?” என்று கேட்டாள் ரீத்தா.

“தெரியல. தண்ணியில எறங்கல.”

கண்ணைத் துடைத்துக்கொண்டு, ரீத்தாவிடம் வீட்டுக்காரர் அரங்கநாதனின் நம்பரைச் சொல்லிப் போட்டுத் தரச் சொன்னாள். அவர் எடுத்தார். “யோவ், நான் சொன்னது தப்பு. நீ மறுபடி தேடு. நாளைக்கே திருப்பூருக்குப் போ. நானும் வரன்” என்றாள். போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று நடந்துவிட்டாள். ரீத்தாவை ஒரு வார்த்தை சொல்லவில்லை.

ரீத்தா கொஞ்ச நேரம் கழித்துத்தான் கிளம்பினாள். மலையில் வெளிச்சம் போய்க்கொண்டிருந்தது. ஸ்கூட்டரில் உட்கார்ந்து சாவியைத் திருப்பும்போது, வண்டி பின்னால் கொஞ்சம் அமிழ்ந்தது. டயரில் காற்று குறைச்சல் போல என்று நினைத்தாள். ஹெட்லைட்டைப் போட்டாள். வெளிச்சம் ரோட்டில் விழவில்லை. எதிரே இருந்த மரத்தின் கிளையில் விழுந்தது.

அவள் திரும்பிப் பார்க்கவில்லை. கண்ணாடியையும் பார்க்கவில்லை. ‘ஏசப்பா’ என்று மட்டும் மனதுக்குள் சொல்லிக்கொண்டு வண்டியை மெதுவாக விட்டாள். மரத்துக்கு மரம் வெளிச்சம் தாவிக்கொண்டே வந்தது. முதல் கொண்டை ஊசி வளைவில், பின்னால் ஆள் இருந்தால் எப்போதும் சொல்கிற பழக்கத்தில், “கெட்டியா புடிச்சிக்க” என்று வாய் தானாகச் சொல்லிவிட்டது. சொன்ன பிறகு பயம் குறைந்த மாதிரி இருந்தது.

கள்ளக்குறிச்சியில் அவள் வீட்டுக்குத் திரும்பும் தெரு வந்தது. திரும்பவில்லை. நேராக பஸ் ஸ்டாண்டுக்குப் போனாள். குஞ்சம்மாள் உளுந்தூர்பேட்டை பஸ்ஸுக்காக, பூக்காரியின் கூடைக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தாள். ரீத்தா வண்டியை அவள் முன்னால் நிறுத்தினாள்.

“ஏறுங்கம்மா. ஊர்ல கொண்டும்போயி வுடறன்.”

குஞ்சம்மாள் வண்டிக்கிட்டே வந்தாள். பின் சீட்டைப் பார்த்தாள். பார்த்துக்கொண்டே நின்றாள். சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டவள், பிறகு ரீத்தாவிடம் தாழ்ந்த குரலில் சொன்னாள்.

“மூணு பேரு போனா போலீஸ்காரன் புடிப்பானேம்மா.”

ரீத்தா சீட்டில் முன்னால் நகர்ந்து உட்கார்ந்து இடம் விட்டாள்.