என் பேச்சும் எண்பது றோல்ஸும்

எழுபதுகளின் கடைசியில், இறக்குமதித் தடை தளர்ந்து வெளிநாட்டுச் சாமான்கள் மறுபடி வரத் தொடங்கிய காலத்தில், சுன்னாகத்துக் கடைகளில் இறைச்சி அடைத்த பேணிகள் குவிந்தன. அதற்கு முந்திய ஆண்டுகளில் ஒரு மீன் பேணியைக் கண்டாலே அதிசயம். இப்போது சவர்க்காரத்துக்கும் நெருப்புப் பெட்டிக்கும் நடுவில், வண்ணத்தாள் சுற்றிய தகரப் பேணிகள் கோபுரமாக நின்றன. ஆட்டிறைச்சியைவிட எவ்வளவோ மலிவு. நான் அப்போது ஒரு பெண்கள் பாடசாலையில் மனையியல் படிப்பித்தேன். என் சம்பளத்துக்கு அந்தப் பேணி பெரிய உதவி. ஆனால் வாங்க ஆசை இருந்த அளவுக்குத் தின்னப் பயமும் இருந்தது. பாடப் புத்தகத்தில் உணவு நஞ்சாவதைப் பற்றிய அத்தியாயத்தை நான் மற்றவற்றைவிடக் கொஞ்சம் அதிகமாகப் படித்திருந்தேன்.

என் கணவருடைய பயம் வேறு. அவர் வல்வெட்டித்துறைக்காரர், கப்பலில் வேலை பார்த்தவர். என்னைக் கட்டுவதற்காகக் கிறிஸ்தவ வேதத்துக்கு வந்தவர். தேவாலயத்தில் எல்லோரையும்விட உரக்கப் பாடுவார், ஆனால் மாட்டிறைச்சியை மட்டும் இன்றுவரை தொட்டதில்லை. ஆகவே பேணி வீட்டுக்கு வந்தால், அவர் மூக்குக்கண்ணாடியைப் போட்டு அது எந்த மிருகம் என்று வாசிப்பார். பிறகு நான் வாங்கி, மூடி ஊதியிருக்கிறதா, பொருத்து நசிந்திருக்கிறதா என்று விரலால் தடவிப் பார்ப்பேன். 

"இஞ்சரும், நான் கப்பலிலை மாசக்கணக்கா பேணிச் சாமான்தான் திண்டனான். எனக்கு என்ன வந்தது?" என்பார்.

"உங்களுக்கு ஆணியைத் திண்டாலும் செமிக்கும். மற்றவைக்கு அப்பிடியில்லை."

இந்தப் பயம் எப்படியோ எங்கள் போதகருடைய காதுக்கு எட்டிவிட்டது. மாதர் சங்கத்துக்கு வந்து பேணி உணவு பற்றிப் பேசும்படி கேட்டார். சனங்கள் எல்லாம் புதிதாக வாங்குகிறார்கள், தெரிந்தவர் ஒருவர் சொன்னால் நல்லது என்றார். நான் ஒரு வாரம் ஆயத்தம் செய்தேன். ஒரு கடைக்காரர் எறிவதற்கு வைத்திருந்த, இரண்டு பக்கமும் ஊதிய பேணி ஒன்றைக் கேட்டு வாங்கிப் போய் மேசையில் வைத்தேன்.

அந்தப் பேச்சை நான் நன்றாகச் செய்தேன். கொஞ்சம் கூடுதலாகவே நன்றாகச் செய்துவிட்டேன் என்று பிறகுதான் தெரிந்தது. ஊதிய பேணியை வாங்கக் கூடாது. துருப்பிடித்ததையும் பொருத்தில் நசிந்ததையும் தொடக் கூடாது. திறந்ததும் கண்ணாடிக் கோப்பைக்கு மாற்ற வேண்டும், நன்றாகச் சூடாக்க வேண்டும், அன்றைக்கே முடிக்க வேண்டும். இவ்வளவோடு நிறுத்தியிருக்கலாம். நான் குரலைத் தாழ்த்தி, "அந்த நஞ்சு கண்ணுக்குத் தெரியாது. மணமும் இராது. ஒரு கரண்டி போதும்" என்றேன். முன்வரிசைப் பெண்கள் கதிரைகளைப் பின்னுக்கு இழுத்தார்கள். எனக்குச் சந்தோஷமாக இருந்தது. பாடசாலையில் பிள்ளைகள் ஒருநாளும் இவ்வளவு கவனமாகக் கேட்டதில்லை.

இரண்டு கிழமை கழித்து தேவாலயத்துக் கூரைக்குப் பணம் சேர்க்க ஒரு விற்பனை வைத்தார்கள். எனக்குக் கிடைத்த பொறுப்பு எண்பது றோல்ஸ். அவ்வளவுக்கும் ஆட்டிறைச்சி வாங்கக் கட்டுப்படியாகுமா? பேணிதான் வாங்கினேன், அதுவும் என் கணவர் வாசித்து மாடில்லை என்று சொன்ன வகை. கடையில் ஒவ்வொன்றையும் எடுத்துத் தட்டி, காதருகில் பிடித்து, மறுபடி தட்டினேன்.

"ரீச்சர், உது கதவில்லை. உள்ளுக்கு ஒருத்தரும் இல்லை" என்றார் கடைக்காரர்.

சனிக்கிழமை விடியவே எழும்பிப் பேணிகளைத் திறந்தேன். உருளைக்கிழங்கும் மிளகும் வெங்காயமும் போட்டு இறைச்சியை வறட்டி, மெல்லிய மா ரொட்டியில் வைத்துச் சுருட்டி, றஸ்க் தூளில் பிரட்டி, புறப்படும் நேரத்தில்தான் பொரித்தேன். என் பாடப் புத்தகமே வந்து பக்கத்தில் நின்றாலும் ஒரு குற்றம் சொல்லியிராது.

பிற்பகல் விற்பனை தொடங்கியது. பெண்கள் என் மேசைக்கு வந்தார்கள். சேலை வடிவு என்றார்கள். றோல்ஸைக் குனிந்து பார்த்தார்கள்.

"இது பேணி இறைச்சியோ, ரீச்சர்?"

"ஓம்."

"எத்தினை மணிக்குத் திறந்தனீங்கள்?"

"விடிய அஞ்சு மணிக்கு."

"ஒரு கரண்டி போதும் எண்டு சொன்னனீங்கள், என்ன?" என்று கேட்டு, மிகுந்த மரியாதையோடு அடுத்த மேசைக்குப் போய்விட்டார்கள்.

அடுத்த மேசை மாதர் சங்கத் தலைவியுடையது. அவர் இறால் கறியை மாவில் மடித்துப் பொரித்து, பற்றீஸ் செய்து கொண்டுவந்திருந்தார். தட்டு வெயிலில் இருந்தது. ஒரு கடதாசி மட்டும் மேலே மூடியிருந்தது. நான் அதைப் பார்த்தேன். சொன்னால் என்னுடையது விற்கவில்லை என்ற பொறாமையில் சொல்கிறேன் என்று நினைப்பார்கள். அரை மணித்தியாலம் வாயை மூடிக்கொண்டிருந்தேன். பிறகு மனம் கேட்கவில்லை.

"அக்கா, உந்தத் தட்டை நிழலிலை வையுங்கோவன். இறாலெல்லே."

அவர் சிரித்தார். "ரீச்சர், இது பேணிச் சாமானில்லை. நேற்றுக் காலமை உயிரோடை துள்ளின இறால். பின்னேரமே கறியாக்கி வைச்சிட்டன்."

நேற்றுப் பின்னேரம் ஆக்கியது! அவர் வீட்டில் குளிர்ப்பெட்டி இல்லை என்பது எனக்குத் தெரியும். ஆனாலும் அதற்கு மேல் நான் ஒன்றும் சொல்லவில்லை. அதை இன்றைக்கு நினைத்தாலும் எனக்கு வெட்கமாகத்தான் இருக்கிறது. போதகர் மூன்று பற்றீஸ் வாங்கித் தின்றார். என் றோல்ஸில் ஆறு மட்டும் விற்றன, ஆறும் என் கணவர் வாங்கித் தின்றவை. மிச்சத்தை வீட்டுக்குக் கொண்டுபோய், அயலிலுள்ள சைவக் குடும்பங்களுக்குக் கொடுக்கவும் வழியில்லாமல், அவரே பதினொன்று தின்றார். நான் நாலு தின்றேன். மற்றது நாய்களுக்குப் போனது. வைத்துத் தின்னக் கூடாது என்பது என்னுடைய சொந்தச் சட்டமாயிற்றே.

ஞாயிறு காலை தேவாலயத்தில் பாதி இருக்கை வாங்குகள் காலி. பிரசங்கம் தொடங்கிச் சில நிமிடத்தில் போதகருடைய முகம் வெளிறியது. "நாம் எல்லாரும் ஒரு பாட்டுப் பாடுவோம்" என்று சொல்லிவிட்டு அங்கியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு பக்கக் கதவால் ஓடினார். நாங்கள் பாடினோம். அவர் வரவில்லை. மறுபடியும் முதலடியிலிருந்து பாடினோம். என் கணவருடைய குரல் கூரைவரை போனது.

வெளியே வந்தபோது செய்தி எனக்கு முன்னே வந்து நின்றது.

"பேணி இறைச்சியாம்," என்றாள் ஒருத்தி. 

"ஆர் திண்டது?" என்று கேட்டார் என் கணவர். "நான்தான் திண்டனான். பதினேழு. என்னைப் பாருங்கோ."

எல்லோரும் அவரைப் பார்த்தார்கள். அவர் வேட்டியை இறுக்கிக் கட்டிக்கொண்டு நன்றாகத் திரும்பிக் காட்டினார். அதன்பிறகு ஒருவரும் பேணியைப் பற்றி வாய் திறக்கவில்லை.

நான் வீட்டுக்குப் போய்த் தண்ணீர் கொதிக்க வைத்து, உப்பும் சீனியும் கரைத்துப் போத்தல்களில் விட்டேன். கணவர் சைக்கிளில் கொண்டுபோய் வீடுவீடாகக் கொடுத்தார். தலைவியின் வீட்டுக்கு நானே போனேன். அவர் கட்டிலில் சுருண்டு கிடந்தார். என்னைக் கண்டதும் அழுவாரோ ஏசுவாரோ என்று பயந்தேன். கரைசலைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குடித்துவிட்டு, மெலிந்த குரலில் கேட்டார்:

"ரீச்சர், உங்கடை பேச்சிலை இறாலைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லேல்லையே?"

அவர் சொன்னது உண்மை. தகரத்துக்குள் இருப்பதையே நினைத்துப் பயந்துகொண்டிருந்த எனக்கு, எங்கள் எல்லோருடைய அடுப்படியிலும் இரவு முழுக்க மூடிக் கிடக்கும் கறிச்சட்டி நினைவுக்கு வரவேயில்லை. வெயிலில் இருந்த தட்டைப் பற்றி ஒருமுறை மட்டும் சொல்லிவிட்டுப் பேசாமல் விட்டதையும் நான் அவரிடம் ஒப்புக்கொண்டேன்.

"இன்னொருக்கால் சொல்லியிருந்தாலும் நான் கேட்டிருக்கமாட்டன்," என்றார் அவர். "இப்ப கேப்பன்."

எல்லோரும் மூன்று நாளில் எழும்பிவிட்டார்கள். அடுத்த மாதக் கூட்டத்துக்குப் போதகர் என்னை மறுபடி அழைத்தார். இந்த முறை சோறு, இறால், தேங்காய்ப்பால், பழங்கறி எல்லாவற்றையும் பேசினேன். தலைவி முன்வரிசையில் இருந்து கொப்பியில் எழுதினார். பேச்சு முடிந்து தேநீர் வந்தபோது பக்கத்தில் பலகாரம் ஒன்றும் இல்லை. ஏன் என்று கேட்டேன். இந்த முறை நான் எல்லாவற்றையும் பேசப்போகிறேன் என்று கேள்விப்பட்டு, எதைச் செய்வது என்று தெரியாமல், ஒவ்வொருவரும் மற்றவர் கொண்டுவருவார் என்று விட்டுவிட்டார்களாம்.